ஹெல்கோலாந்தின் பச்சை, சிவப்பு, வெள்ளை: கொடியும் கேடயச் சின்னமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஏறத்தாழ 10,800 ஊராட்சிகள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாகக் கேடயச் சின்னமும் கொடியும் உண்டு. அவற்றில் மிக எளிமையானவற்றுள் ஒன்றும், என் பார்வையில் மிக அழகானதும், வட கடலில் இருக்கும் ஹெல்கோலாந்து தீவுடையது. கொடிகளில் ஆர்வம் கொண்ட நண்பர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹெல்கோலாந்து எங்கே இருக்கிறது? தனி நாடா?

தனி நாடு இல்லை. ஜெர்மனியின் வடக்கு மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில், பின்னெபெர்க் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு ஊராட்சி. கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு நடுவே இருக்கிறது. சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாறைத் தீவும், பக்கத்திலேயே ‘டூனெ’ எனப்படும் மணல் தீவும் சேர்ந்ததுதான் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 1,300.

அளவு சிறியதென்றாலும் இதற்கென்று தனிச் சட்டங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால் இங்கே சுங்க வரி கிடையாது. ஜெர்மனியின் சாலை விதித் தொகுப்பில் ஹெல்கோலாந்துக்கு மட்டும் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதன்படி தீவில் மோட்டார் வாகனங்களுக்கும் மிதிவண்டிக்கும் தடை. ‘பின்னெபெர்க்’ என்றே பெயர் கொண்ட சிறு மேடு இந்தத் தீவில் இருக்கிறது. 61.3 மீட்டர் உயரமுள்ள அதுதான் பின்னெபெர்க் மாவட்டம் முழுவதற்கும் மிக உயரமான இடம்.

கொடி எப்படி இருக்கும்?

மூன்று கிடைப்பட்டைகள். மேலே பச்சை, நடுவில் சிவப்பு, கீழே வெள்ளை. மூன்றும் ஒரே அகலம். அதில் சிங்கமோ கழுகோ எழுத்தோ கிடையாது.

இந்த நிறங்களுக்கு என்ன பொருள்?

பெரும்பாலான கொடிகளில் நிறத்துக்குப் பொருள் சொல்வது பிற்காலத்து வேலை. சிவப்பு என்றால் வீரம், பச்சை என்றால் வளம் என்று யாராவது பின்னாளில் எழுதி வைப்பார்கள். ஹெல்கோலாந்துக் கொடியில் அதற்கு இடமில்லை. கீழ் ஜெர்மன் மொழியில் தீவுக்காரர்கள் சொல்லும் பழைய எதுகைப்பாட்டே அதன் விளக்கம்:

க்ரூன் இஸ் டாட் லான்ட்,
ரோட் இஸ் டே கான்ட்,
விட் இஸ் டே ஸான்ட்,
டாட் ஸுன்ட் டே ஃபார்வன் ஃபுன் ஹெல்கோலாந்த்.

பச்சை நிலம், சிவப்பு விளிம்பு, வெள்ளை மணல். இவையே ஹெல்கோலாந்தின் நிறங்கள். அவ்வளவுதான்.

கடலில் படகிலிருந்து தீவைப் பார்ப்பவர் கண்ணுக்கு இதே வரிசைதான் தெரியும். உச்சியில் ‘ஓபர்லான்ட்’ என்னும் மேட்டு நிலம். புல் மூடிய பசுமை. அதற்குக் கீழே செங்குத்தாக இறங்கும் செம்மணற்பாறை. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணலும் களிமண்ணும் இறுகி உண்டான பாறை அது. அதிலுள்ள இரும்புதான் அந்தச் சிவப்பைத் தருகிறது. அதன் அடியில் கடலோர மணல். தீவின் வடமேற்கு முனையில் ‘லாங்க அன்னா’ என்ற ஒற்றைப் பாறைத் தூண் 47 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிற்கிறது. அந்தச் சிவப்பை அங்கே பார்ப்பதுபோல் வேறெங்கும் பார்க்க முடியாது.

வெள்ளை மணல் பாறைத் தீவில் இல்லையே, டூனெயில்தானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் இன்றைய வரைபடத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு காலத்தில் இரண்டும் ஒட்டியிருந்தன. சிவப்புப் பாறைக்குக் கிழக்கே வெண்பாறைக் குன்று ஒன்றும் இருந்தது. சுண்ணாம்புக்கும் ஜிப்சத்துக்கும் ஆசைப்பட்டு அதைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி எடுத்து விற்றார்கள். மெலிந்துபோன குன்று 1711-ஆம் ஆண்டுப் புயலில் கடலில் சரிந்தது. அது தடுத்து நிறுத்தியிருந்த அலை அதன்பின் நேராக வந்து மோத, 1720 முடிந்து 1721 பிறந்த இரவில் இரு பகுதிகளையும் இணைத்த மணல்திட்டும் உடைந்தது. அன்றிலிருந்து டூனெ தனித் தீவு. இப்போது குளிக்கும் கடற்கரையும் சிறு விமான நிலையமும் அங்கேதான். குளிர்காலத்தில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் அங்கே வந்து குட்டி போடுகின்றன.

கேடயச் சின்னத்தில் ஏன் எந்த உருவமும் இல்லை?

கேடயத்தை மூன்றாகக் குறுக்கே பிரித்து அதே பச்சை, சிவப்பு, வெள்ளையை நிரப்பியிருக்கிறார்கள். கேடயச் சின்ன மரபின் மொழியில் வெள்ளையை ‘வெள்ளி’ என்று சொல்வார்கள். வரையும்போது வெள்ளையாகத்தான் வரும்.

இந்த ஊரின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. மற்ற ஜெர்மன் ஊராட்சிகளில் பெரும்பாலும் கேடயச் சின்னம் முதலில் வரும், கொடி அதிலிருந்து பிறக்கும். ஊருக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று மன்றம் முடிவெடுக்கும். பழைய பிரபுக் குடும்பத்தின் சிங்கம், தேவாலயத்துப் புனிதரின் சாவி, ஆற்றைக் குறிக்கும் அலைக்கோடு, ஊர்த்தொழிலைக் காட்டும் ஆலைச்சக்கரம் என்று ஏதாவது தேர்ந்தெடுத்துக் கேடயத்தில் வைப்பார்கள். பிறகு அந்தக் கேடயத்தின் முக்கிய நிறங்களைப் பட்டைகளாக்கி நடுவில் கேடயத்தையே ஒட்டினால் கொடி தயார். சிறிய ஊராட்சிகளின் சின்னங்களில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் இப்படி உருவானவைதான். 1970-களில் பல ஊர்களை ஒன்றாக இணைத்தபோது, ஊருக்கொரு அடையாளம் என்று நான்கைந்து பொருள்களை ஒரே கேடயத்துக்குள் திணித்த சின்னங்களும் வந்தன. பத்தடி தள்ளி நின்றால் அவற்றில் எதுவும் தெரியாது.

ஹெல்கோலாந்தில் நிறங்களே முதல். கேடயம் அந்த நிறங்களுக்கு ஒரு சட்டகம் மட்டும். அதில் ஒரு மீனையோ கலங்கரை விளக்கையோ சேர்த்திருந்தால் சின்னம் பாழாகியிருக்கும் என்பதே என் எண்ணம்.

பச்சையை ஒட்டிச் சிவப்பு வருவது சின்ன மரபின் விதிக்கு மாறானதில்லையா?

இதை விவரம் தெரிந்தவர்கள்தான் கேட்பார்கள். ஐரோப்பியச் சின்ன மரபில் நிறங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் ‘உலோகங்கள்’. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு முதலியவை ‘வண்ணங்கள்’. வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது, உலோகத்தின் மேல் உலோகம் கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்தே கேடயத்தை அடையாளம் காண வேண்டும் என்பதால் எழுந்த விதி இது.

ஆனால் ஒரு பரப்பின் மேல் ஓர் உருவத்தை வைப்பதற்குத்தான் இந்த விதி கண்டிப்பாகப் பொருந்தும். ஒரே கேடயத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகக் கொள்வதால் விதி தளர்கிறது. எனவே ஹெல்கோலாந்துச் சின்னத்தில் பிழை இல்லை.

நடைமுறையில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் பச்சையும் சிவப்பும் இரண்டும் கருமையாகத் தெரியும். சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டு பட்டைகளும் கலந்துபோகும். நடுவில் வெள்ளையை வைத்திருந்தால் எல்லாம் பளிச்சென்று பிரிந்திருக்கும். ஆனால் அப்படி வைத்தால் அது ஹெல்கோலாந்தாக இருக்காது! அந்தத் தீவில் புல்லுக்கு நேர் கீழே செம்பாறைதான் இருக்கிறது. நிலம் எந்த வரிசையில் அமைந்திருக்கிறதோ அந்த வரிசையில் கொடியும் இருக்கிறது. பார்வைக்கு வசதி என்பதற்காக அதை மாற்றாமல் விட்டதற்காகவே இந்தக் கொடியை நான் மதிக்கிறேன்.

நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலக் கொடியும் இதே நிறங்கள்தானே?

நிறங்கள் ஒன்றே, வரிசை வேறு. அங்கே மேலிருந்து பச்சை, வெள்ளை, சிவப்பு. ரைன்லாந்தின் பச்சை–வெள்ளையும் வெஸ்ட்ஃபாலியாவின் வெள்ளை–சிவப்பும் சேர்ந்து உண்டானது அது. இரண்டுக்கும் உறவில்லை. ஹங்கேரியக் கொடி மேலிருந்து சிவப்பு, வெள்ளை, பச்சை. பல்கேரியக் கொடி வெள்ளை, பச்சை, சிவப்பு. வெள்ளை அடியில் இருந்தால் ஹெல்கோலாந்து என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மணல் அடியில்தானே இருக்கும்.

கறுப்பு–வெள்ளை அச்சில் நிறங்களை எப்படிக் காட்டுவார்கள்?

வண்ண அச்சு பரவலாகாத காலத்தில் இதற்கென்று ஒரு கோட்டு முறை உருவானது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள். பச்சைக்குப் பார்ப்பவரின் இடது மேற்புறத்திலிருந்து வலது கீழ்ப்புறம் சாயும் கோடுகள். வெள்ளிக்கு ஒன்றும் போடாமல் வெறுமையாக விடுவார்கள். ஹெல்கோலாந்துக் கேடயத்தை இந்த முறையில் வரைந்தால் மேலே சாய்கோடு, நடுவில் நேர்கோடு, கீழே வெற்றிடம். முத்திரைகளிலும் பழைய நூல்களிலும் இப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இந்தக் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடி இருந்தது உண்மையா?

உண்மை. ஹெல்கோலாந்து 83 ஆண்டுகள் பிரிட்டன் வசம் இருந்தது. அதற்கு முன் 1714 முதல் டென்மார்க்கின் ஆட்சி. நெப்போலியன் போர்களின் நடுவே 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை தீவைப் பிடித்தது. 1814-இல் கீல் உடன்படிக்கையில் டென்மார்க் அதை முறைப்படி விட்டுக்கொடுத்தது.

பிரிட்டன் தன் காலனிகளுக்குப் பொதுவாகக் கொடுத்தது நீலப் பரப்பில் ஒரு வட்டச் சின்னம் பொறித்த கொடியை. அந்த அச்சுக்குள் அடங்காமல் ஹெல்கோலாந்தின் மூவண்ணம் அப்படியே நின்றது. மேல் மூலையில் மட்டும் யூனியன் ஜாக் ஏறியது. ஆட்சியாளரின் அடையாளம் ஓரத்திலும், தீவின் நிறங்கள் கொடி முழுக்கவும் இருந்த அமைப்பு அது. காலனிக் கொடிகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பேன். ஆளப்படுபவர்களின் நிறங்களை ஏறத்தாழ முழுதாக வைத்துக்கொண்ட பிரிட்டிஷ் காலனிக் கொடிகள் அரிது.

தபால்தலைகளிலும் இந்த நிறங்கள் வந்தனவா?

ஆமாம். தபால்தலை சேகரிப்பவர்கள் வழியாகத்தான் பலருக்கு ஹெல்கோலாந்து என்ற பெயரே தெரியவந்தது. 1867-இல் வெளியான முதல் தபால்தலைகளில் விக்டோரியா அரசியின் தலை வெள்ளைப் புடைப்பாகவும் அதைச் சுற்றிய சட்டம் பச்சையும் சிவப்புமாகவும் இருந்தன. அரசியின் உருவம் இருந்தாலும் நிறங்கள் தீவினுடையவை. பின்னர் வந்த வெளியீடுகளில் கேடயச் சின்னமே இடம்பெற்றது. தொடக்கத்தில் விலை ஹாம்பர்க் ஷில்லிங்கில் இருந்தது; 1875 முதல் ஒரே தலையில் பிரிட்டிஷ் நாணயத்திலும் ஜெர்மன் நாணயத்திலுமாக இரண்டு விலைகள். அச்சடித்தது பெர்லினில்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தத் தலைகளுக்கு மறு அச்சுகள் ஏராளம். சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அவைதான். நிபுணர் சான்று இல்லாமல் அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள்.

ஜெர்மனி தீவை எடுத்துக்கொண்டபோது கொடி மாறியதா?

1890 ஜூலை 1 அன்று பிரிட்டனும் ஜெர்மனியும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆப்பிரிக்காவில் சான்சிபார் மீதான பிரிட்டிஷ் பாதுகாப்பை ஜெர்மனி ஏற்றது. வேறு சில உரிமைகளையும் விட்டது. பதிலுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று ஹெல்கோலாந்து. சான்சிபார் மக்களையும் கேட்கவில்லை, ஹெல்கோலாந்து மக்களையும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் பார்க்லி தீவை ஒப்படைத்தார். மறுநாள் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வந்து இறங்கினார்.

தீவு மக்களுக்குச் சில சலுகைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டன. விரும்பினால் பிரிட்டிஷ் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒப்பந்தத்துக்கு முன் பிறந்தவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. கொடி விஷயத்தில் நடந்தது எளிது. யூனியன் ஜாக் போனது, மூவண்ணம் அப்படியே நின்றது. டேனிஷ் அரசர், பிரிட்டிஷ் அரசி, ஜெர்மன் பேரரசர் என்று மேலே இருந்தவர்கள் மாறினார்கள். புல்லும் பாறையும் மணலும் யாருடைய ஆட்சியிலும் நிறம் மாறவில்லை.

போருக்குப் பின் தீவையே அழிக்கப் பார்த்தார்களாமே?

ஹெல்கோலாந்தை ஜெர்மனி கடற்படைக் கோட்டையாக்கியதன் விலையை ஊர்மக்கள் கொடுத்தார்கள். முதல் உலகப் போரின்போதே எல்லோரையும் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் போரின் கடைசி வாரங்களில், 1945 ஏப்ரல் 18 அன்று, ஏறத்தாழ ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. சுரங்க அறைகளில் பதுங்கியதால் பெரும்பாலான மக்கள் பிழைத்தார்கள், வீடுகள் மிஞ்சவில்லை. ஊர் காலியானது.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 18 அன்று, ராணுவச் சுரங்கங்களையும் நீர்மூழ்கிக் கப்பல் கொட்டிலையும் தகர்க்க பிரிட்டன் ஏறத்தாழ 6,700 டன் வெடிபொருளை ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்தது. தீவு மூழ்கவில்லை. ஆனால் தெற்கு முனை சரிந்து இன்றைய ‘மிட்டல்லான்ட்’ என்ற நடுமட்டப் பகுதி உண்டானது. அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுவீச்சுப் பயிற்சிக்குத் தீவைப் பயன்படுத்தின. சொந்த ஊரின் மேல் குண்டு விழுவதை அறிந்தபடியே அந்த மக்கள் கரையில் சிதறி வாழ்ந்தார்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

1950 டிசம்பர் 20 அன்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ரெனே லாய்டெஸ்டோர்ஃப், கேயோர்க் ஃபான் ஹாட்ஸ்ஃபெல்ட், தடையை மீறித் தீவில் இறங்கினார்கள். இடிபாடுகளுக்கு நடுவே ஜெர்மன் கொடியையும் ஐரோப்பிய இயக்கத்தின் கொடியையும் ஏற்றினார்கள். ஆயுதம் எதுவும் கையில் இல்லை. செய்தி உலகமெங்கும் பரவியது. 1952 மார்ச் 1 அன்று தீவு திருப்பித் தரப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் 1 தீவில் நினைவு நாள்.

ஊராட்சி தன் விருப்பப்படி கொடியையோ சின்னத்தையோ மாற்ற முடியுமா?

நினைத்தவுடன் முடியாது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் ஊராட்சிகளுக்குச் சின்னமும் கொடியும் முத்திரையும் வைத்துக்கொள்ளும் உரிமையை மாநில ஊராட்சிச் சட்டம் தருகிறது. ஆனால் புதியதை ஏற்பதற்கும் இருப்பதை மாற்றுவதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். வரைவு மரபுக்குப் பொருந்துகிறதா, வேறு ஊரின் சின்னத்தோடு குழம்புமா என்று ஷ்லெஸ்விக் நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகம் பார்க்கும். ஏற்கப்பட்டவை அங்கே ஒரு பதிவேட்டில் இடம்பெறும்.

நான் அந்தக் கொடியை ஏற்றலாமா? சட்டையில் சின்னத்தை அச்சடித்து விற்கலாமா?

மூன்று நிறப் பட்டைகள் கொண்ட கொடியை ஏற்றுவதில் சிக்கல் இல்லை. தீவில் வீடுகளிலும் படகுகளிலும் மக்கள் ஏற்றுகிறார்கள். கேடயச் சின்னம் வேறு விஷயம். அது ஊராட்சியின் அலுவல் அடையாளம். ஜெர்மனியில் அலுவல் சின்னங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஊரின் பெயருக்கு இருப்பதுபோன்ற பாதுகாப்பு சின்னத்துக்கும் உண்டு. ஊராட்சியே வெளியிட்டது என்ற தோற்றம் தரும்படி பயன்படுத்தினால் நடவடிக்கை வரலாம். விற்பனைக்கென்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குவதே முறை. கட்டுரையிலோ பாடநூலிலோ விளக்கத்துக்காகக் காட்டுவது வேறு.

நெடுக்காகத் தொங்கவிடும்போது எந்த நிறம் எந்தப் பக்கம்?

ஜெர்மன் ஊர்களில் கொடியை நீளவாக்கில் தொங்கவிடுவது வழக்கம். மூவண்ணக் கொடிகளில் மேல் பட்டை பார்ப்பவரின் இடப்பக்கம் வரும். ஆகவே பச்சை இடது, சிவப்பு நடு, வெள்ளை வலது.

ஹெல்கோலாந்து மக்கள் ஃப்ரீசியர்கள் என்னும் வட கடலோர இனத்தவர்தானே? ஃப்ரீசியக் கொடி என்ன ஆயிற்று?

தீவின் பூர்வீக மொழி ‘ஹாலுண்டர்’, வட ஃப்ரீசிய மொழியின் ஒரு கிளை. வட ஃப்ரீசியர்களின் பொது நிறங்கள் பொன், சிவப்பு, நீலம். 2004-இல் இயற்றப்பட்ட ஃப்ரீசிய மொழிச் சட்டம் அந்த நிறங்களை நார்த்ஃப்ரீஸ்லாந்து மாவட்டத்திலும் ஹெல்கோலாந்திலும் மாநில நிறங்களோடு சேர்த்துப் பயன்படுத்த இடம் தருகிறது. மொழியால் ஃப்ரீசியர், நிலத்தால் ஹெல்கோலாந்தர் என்று இரண்டு கொடிகளுக்கும் அங்கே உரிமை உண்டு. ஆனால் தீவின் அடையாளம் என்று கேட்டால் கை நீளுவது பச்சை, சிவப்பு, வெள்ளையை நோக்கித்தான்.